ஸ்டார் அறிக்கைக்கு எத்தனை ஸ்டார்?

எந்தத் தலைவர் மேலாவது பாலியல் புகார் வந்தால் இரண்டே நாளில் ஒரு வாக்கியம் கிளம்பிவிடும்: "விசாரணை அறிக்கை வரட்டும், அப்புறம் பேசலாம்." கட்சிக்காரர் சொல்வார், எதிர்க்கட்சிக்காரர் சொல்வார், டிவி விவாதத்தில் நடுவில் உட்கார்ந்திருப்பவரும் சொல்வார். அறிக்கை என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்கிற மாதிரி. எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை: அப்படி வந்த அறிக்கைகளில் பேர்போன ஒன்றை, மேற்கோள் துண்டுகளாக இல்லாமல், முதல் பக்கத்திலிருந்து கடைசி அடிக்குறிப்பு வரை படித்துவிட வேண்டும் என்று. படித்துவிட்டேன். அதிபராக இருந்த பில் கிளின்டனுக்கும் வெள்ளை மாளிகையில் இன்டர்னாக இருந்த மோனிகா லெவின்ஸ்கிக்கும் இடையிலான உறவு விவகாரத்தில், விசாரணை வழக்கறிஞர் கென்னத் ஸ்டார் 1998 செப்டம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குக் கொடுத்த அறிக்கை. 445 பக்கம், இணையத்தில் இலவசம். வாங்கிப் பயன்படுத்திய பொருளுக்கு எழுதுகிற மாதிரியே இதற்கும் எழுதுகிறேன். இலவசம் என்று சொன்னேனே தவிர, இதற்கு ஒரு நாட்டு மக்கள் காசு கொடுத்திருக்கிறார்கள், நிறையவே.

முதலில் ஆர்டர் விவரம், ஏனென்றால் கோளாறு அங்கேயே ஆரம்பிக்கிறது. ஸ்டாரிடம் கேட்ட சரக்கே இது இல்லை. 1978-இல் அர்கன்சா மாநிலத்தில் கிளின்டன் தம்பதியும் மெக்டூகல் தம்பதியும் சேர்ந்து ஆற்றோரமாக நிலம் வாங்கி, மனை போட்டு விற்கப் பார்த்தார்கள். ஒயிட்வாட்டர் என்று பெயர். வியாபாரம் படுத்துவிட்டது. பின்னாளில் மெக்டூகல் நடத்திய சேமிப்பு நிறுவனமும் மூழ்கியபோது இந்தப் பழைய கணக்கையும் கிளறினார்கள். 1994 ஜனவரியில் ராபர்ட் ஃபிஸ்க் என்பவரை விசாரிக்கப் போட்டார்கள். ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் கொண்ட குழு அவரை எடுத்துவிட்டு ஸ்டாரைக் கொண்டுவந்தது. பதவியின் பெயர் இண்டிபெண்டன்ட் கவுன்சல், அதாவது அரசுக்கு அடங்காமல் தனியாக விசாரிக்கும் வழக்கறிஞர். அதிபர் நிக்சனைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1978-இல் வந்த சட்டம் அது. இந்தப் பதவிக்குக் காலக்கெடு கிடையாது, செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டு, "எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பில்லைப் பற்றிக் கவலைப்படாதே, வேறு எங்கே ஈரம் தெரிந்தாலும் சுவரை உடைத்துப் பார்" என்று சாவியையும் கொடுத்துவிட்டுப் போன கதை.

அவரும் உடைத்துப் பார்த்தார். நிலத்திலிருந்து வெள்ளை மாளிகைப் பயண அலுவலக ஊழியர்களின் பணிநீக்கத்துக்கு, அங்கிருந்து எஃப்பிஐ கோப்புகளுக்கு, நடுவில் வின்ஸ் ஃபாஸ்டர் என்ற வெள்ளை மாளிகை வழக்கறிஞரின் தற்கொலைக்கு (ஃபிஸ்க் ஏற்கெனவே தற்கொலை என்று முடித்திருந்தார், ஸ்டாரும் மறுபடி விசாரித்துத் தற்கொலைதான் என்றார்). நாலு வருடம் இப்படியே போனது. 1998 ஜனவரி 12 அன்று லிண்டா ட்ரிப் என்ற பென்டகன் (பாதுகாப்புத் துறைத் தலைமையகம்) ஊழியர் தன்னிடம் சில ஒலிநாடாக்கள் இருப்பதாக ஸ்டார் அலுவலகத்துக்குச் சொன்னார். தோழி லெவின்ஸ்கி தன்னிடம் போனில் மனம்விட்டுப் பேசியதை அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தார். நான்கே நாளில் விசாரணை வரம்பை விரிக்க நீதிபதிகள் அனுமதியும் கிடைத்தது. சரக்கு மாறியது அங்கேதான். இறுதி அறிக்கையில் ஒயிட்வாட்டர் என்ற சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

டெலிவரியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். செப்டம்பர் 9, இரண்டு வேன்கள், 36 பெட்டிகள், டிவி கேமராக்கள் முன்னால் இறக்கினார்கள். செப்டம்பர் 11 அன்று சபை, 363க்கு 63 என்ற கணக்கில், அறிக்கையைப் பொதுமக்களுக்கு வெளியிட வாக்களித்தது. ஓட்டுப் போட்ட உறுப்பினர்கள் அதைப் படித்திருக்கவில்லை. இதை இரண்டு முறை படியுங்கள். அந்தரங்கத்தின் அந்தரங்கம் எல்லாம் உள்ளே இருக்கும் ஒரு காகிதக் கட்டை, என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமலே, உலகத்துக்கு விடலாம் என்று கையைத் தூக்கியிருக்கிறார்கள், ஆளுங்கட்சியிலிருந்தும் எதிர்க்கட்சியிலிருந்தும். அன்று மதியமே இணையத்தில் ஏறியது. செய்தியாளர்கள் கணினித் திரையைப் பார்த்து நேரலையில் வாசிக்க ஆரம்பித்து, பாதி வாக்கியத்தில் தயங்கி நின்றார்கள். ஒரு சில நாளில் பேப்பர்பேக்காகவும் கடைக்கு வந்துவிட்டது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? பெரிய இரண்டு பாகம். முதலாவது "நடந்த கதை", இரண்டாவது "காரணங்கள்", அதாவது பதவிநீக்கத்துக்கு அடிப்படையாகக்கூடியவை என்று ஸ்டார் சொல்லும் 11 குற்றச்சாட்டுகள். முன்னால் ஒரு காலவரிசை, கூடவே ஒரு பெயர்ப் பட்டியல். நாடகப் பிரதியின் தொடக்கத்தில் பாத்திரங்கள் பட்டியல் போடுவார்களே, அதே போல: முக்கியமானவர்கள், முதல் குடும்பம், ஆலோசகர்கள், லெவின்ஸ்கியின் நண்பர்கள் என்று வகை பிரித்து. எனக்கு அதைப் பார்த்ததுமே ஒரு சின்ன உறுத்தல். வாசகன் கதையைத் தொலைத்துவிடக் கூடாது என்று இவ்வளவு அக்கறை எடுக்கும் அரசு ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

எழுத்து, நேர்மையாகச் சொன்னால், ஓடுகிறது. சில இடங்களில் நன்றாகவே ஓடுகிறது. 1995 நவம்பர் நடுப்பகுதி. பட்ஜெட் சண்டையில் அரசாங்கம் பாதி மூடிக் கிடக்கிறது. வெள்ளை மாளிகையில் சுமார் 430 பேர் இருந்த இடத்தில் சுமார் 90 பேர்தான். சம்பளம் வாங்காத இன்டர்ன்களுக்கு வீட்டுக்குப் போகச் சொல்லி உத்தரவு கிடையாது, அதனால் பெரியவர்கள் அறையில் போன் எடுப்பது, காகிதம் கொண்டுபோவது எல்லாம் அவர்கள் தலையில். இருபத்திரண்டு வயதுப் பெண், நாற்பத்தொன்பது வயது அதிபர், காலியான தாழ்வாரம், அப்புறம் ஒரு நாள் இரவு வேலைக்காக வரவழைத்த பீட்சா. இந்தப் பக்கங்களில் ஓர் அதிகார மாளிகையின் அன்றாடம் கண்முன் தெரிகிறது. யார் எந்தக் கதவு வழியாக வந்தார், எந்தக் காவலர் எதைப் பார்த்தார், செயலாளர் பெட்டி கரி எந்த நேரத்தில் மேசையை விட்டு எழுந்தார். ஒரு நாவலாசிரியருக்குக் கிடைத்தால் விடமாட்டார். ஆனால் இதை எழுதியவர்கள் வழக்கறிஞர்கள், அதுவும் ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கப் பரிந்துரைப்பவர்கள்.

அடுத்தது அந்தப் பிரச்சினைக்குரிய பகுதி. சந்திப்பு சந்திப்பாக, தேதி போட்டு, என்ன நடந்தது, எதுவரை நடந்தது, யார் யாரை எங்கே தொட்டார்கள். இதற்கு ஸ்டார் தரப்பு சொன்ன நியாயத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. கிளின்டன் மேல் பாலா ஜோன்ஸ் என்ற பெண் போட்ட பாலியல் தொல்லை வழக்கில், லெவின்ஸ்கியைப் பற்றியும் கேட்டார்கள். 1998 ஜனவரி 17 அன்று கிளின்டன் பிரமாணத்தின் பேரில் சாட்சியம் சொன்னபோது, "பாலியல் உறவு" என்பதற்கு எழுத்தில் ஒரு வரையறை கொடுத்திருந்தார்கள். அந்த வரையறைப்படி நான் எதுவும் செய்யவில்லை, எனக்குத்தான் செய்யப்பட்டது என்பது அவர் பிடித்துக்கொண்ட கிளை. அது பொய் என்று காட்ட, உடம்பின் எந்தப் பாகம் என்பது வரை போகத்தான் வேண்டும் என்றது ஸ்டார் அலுவலகம். நான் ஒப்புக்கொள்கிறேன், ஒரு பக்கத்தில் சொல்லிவிடலாம். இரண்டு பக்கம் கூட. அதை இத்தனை முறை, இத்தனை விவரத்தோடு, கதைப் பகுதியில் ஒரு தடவை, சட்டப் பகுதியில் மறுபடி ஒரு தடவை சொல்லும்போது வரையறை மறந்துபோய் வேறு ஏதோ மிஞ்சுகிறது.

அடிக்குறிப்புகளைப் பாராட்டாமல் போக முடியாது. ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு வரிக்கும் எந்த நாள், யார் சாட்சியம், எந்தப் பக்கம் என்று இருக்கிறது. உலகம் முழுக்கப் பிரபலமான "இஸ்" (ஆங்கில is) சமாசாரமும் அடிக்குறிப்பில்தான் வருகிறது. கிளின்டனின் வழக்கறிஞர் நீதிபதி முன்னால் "எந்த விதமான உறவும் இல்லை" என்று சொன்னது பொய்தானே என்று, ஆகஸ்ட் 17 அன்று கிளின்டனை நாலு மணி நேரம் விசாரித்தபோது கேட்கிறார்கள். அது "இஸ்" என்ற சொல்லுக்கு நீங்கள் என்ன பொருள் கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்கிறார் கிளின்டன்: இப்போது இல்லை என்றால் உண்மை, எப்போதுமே இருந்ததில்லை என்றால் பொய். உலகமே சிரித்தது. நமக்கு இதில் ஒரு வசதி. தமிழில் "இல்லை" என்ற சொல்லுக்குக் காலமே கிடையாது. "எங்களுக்குள் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம், அந்த நாலு மணி நேரத்தில் பத்து நிமிடமாவது மிச்சமாகியிருக்கும்.

இனி என் முதல் பெரிய புகார். யாரைப் பற்றிய அறிக்கை இது? அட்டையைப் பார்த்தால் அதிபரைப் பற்றி. பக்கங்களைப் புரட்டினால் அந்தப் பெண்ணைப் பற்றி. லெவின்ஸ்கியின் கணினியிலிருந்து, அனுப்பாமல் அழித்துவிட்ட கடித வரைவுகளைக்கூட மீட்டெடுத்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். கோபத்தில் எழுதி, அனுப்ப வேண்டாம் என்று தானே முடிவு செய்து, அழித்த கடிதம். அதை இன்று நான் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் வாங்கிய பரிசுகள், அழுத நாட்கள், தோழிகளிடம் சொன்ன ஆசைகள் எல்லாம் இருக்கின்றன. விசாரணையின்போது, வாஷிங்டனில் அவர் புத்தகம் வாங்கிய கடைக்குக்கூடச் சம்மன் போனது, என்னென்ன புத்தகம் வாங்கினார் என்று கேட்டு. அம்மாவை கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) முன்னால் உட்காரவைத்து மகளைப் பற்றிக் கேட்டார்கள். அவர் உடைந்துபோய் வெளியே வந்தார்.

1998 ஜனவரி 16 என்ற ஒரு நாள் மட்டும் போதும். பென்டகன் சிட்டியில் உள்ள ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல். லிண்டா ட்ரிப்போடு மதிய உணவு என்று நினைத்து வந்த பெண்ணை எஃப்பிஐ ஆட்களும் வழக்கறிஞர்களும் மேலே ஓர் அறைக்கு அழைத்துப் போகிறார்கள். 27 வருடம் வரை சிறை என்று மிரட்டியதாகப் பின்னாளில் அவர் சொன்னார். மற்றவர்களின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்து தர வேண்டும் என்று கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். அம்மா நியூயார்க்கிலிருந்து ரயிலேறி வந்து சேர இரவாகிவிட்டது. மொத்தம் கிட்டத்தட்ட 12 மணி நேரம். அந்த நாளை எப்படிக் கையாண்டார்கள் என்று ஆராயவே தனியாக ஒரு விசாரணை நடந்து, 2000-இல் அறிக்கை எழுதப்பட்டது. அது வெளியே தெரிய 2014 ஆனது. கவனியுங்கள்: அந்தப் பெண்ணின் படுக்கையறை விவரத்தை இரண்டே நாளில் வெளியிட்ட அமைப்பு, அவளை அதிகாரிகள் நடத்திய விதம் பற்றிய ஆவணத்தைப் பதினான்கு வருடம் பெட்டியில் வைத்திருந்தது.

இரண்டாவது புகார் இன்னும் பெரியது, ஏனென்றால் அது காணாமல் போன பாகம் பற்றியது. இந்த விவகாரத்தில் பாலியல் தொல்லை என்று வழக்குப் போட்டவர் லெவின்ஸ்கி இல்லை, பாலா ஜோன்ஸ். 1991 மே மாதம் லிட்டில் ராக் நகரின் ஒரு ஹோட்டலில், கிளின்டன் ஆளுநராக இருந்தபோது, அரசு ஊழியரான தன்னை அறைக்கு வரவழைத்து அசிங்கமாக நடந்துகொண்டார் என்பது அவர் புகார். கிளின்டன் மறுத்தார். 1994 மே மாதம் வழக்கு. பதவியில் இருக்கும் அதிபர் மேல் இப்படி வழக்கு நடத்தலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 1997-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் நடத்தலாம் என்றார்கள். 1998 ஏப்ரலில், சொல்லப்பட்டது நடந்ததாகவே வைத்துக்கொண்டாலும் சட்டப்படி நஷ்டஈட்டுக்கு இடமில்லை என்று கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் இருந்தபோது நவம்பரில் 8,50,000 டாலருக்குச் சமரசம், மன்னிப்பு கிடையாது. அதில் பெரும்பகுதி வக்கீல் கட்டணத்துக்குப் போய்விட்டது. 445 பக்க அறிக்கையில் இந்தப் பெண்மணி எங்கே இருக்கிறார்? பின்னணியில். அந்த ஹோட்டல் அறையில் என்ன நடந்தது என்ற கேள்வியை அறிக்கை எடுக்கவே இல்லை. அவர் வழக்கில் கிளின்டன் சொன்ன பொய்தான் முக்கியம், அவர் வழக்கு இல்லை.

ஆபீஸ் வேலை பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் ஓர் அத்தியாயத்தை மட்டுமாவது படிக்கலாம்: 1996 ஏப்ரல் இடமாற்றம். லெவின்ஸ்கி அதிபரின் அறைப் பக்கம் அடிக்கடி தென்படுகிறார், இது நன்றாக இல்லை என்று மேலதிகாரிகளுக்குத் தோன்றுகிறது. உடனே நடவடிக்கை. பெண்ணுக்குப் பென்டகனில் வேலை, அதே மாதத்தில். அவருக்கு அது பதவி உயர்வு மாதிரி காட்டப்படுகிறது, அழுதுகொண்டே போகிறார். அதிபரிடம் யாரும் எதுவும் கேட்டதாக இல்லை. தேர்தல் முடிந்ததும் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்ததாக லெவின்ஸ்கி சொன்னார், அது நடக்கவில்லை. எந்த ஊர், எந்த நிறுவனம் என்றாலும் வாசனை பிடிபடும் விஷயம் இது: புகார் வருவதற்கு முன்பே, சம்பந்தப்பட்ட இருவரில் இளையவர் மேசை காலியாகிவிடும். ஸ்டார் குழு இந்த அத்தியாயத்தை அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறது, ஆனால் தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று அதற்கே தெரியவில்லை. 11 காரணங்களில் இது ஒரு காரணம் கிடையாது. எல்லாமே பொய்ச்சாட்சியம், சாட்சியைக் கலைப்பது, நீதிக்குத் தடை, பதவி துஷ்பிரயோகம் என்ற தலைப்புகளில். அந்தத் துஷ்பிரயோகமும் விசாரணையை இழுத்தடித்தது, மக்களிடம் பொய் சொன்னது என்ற அளவில்தான். தன் அலுவலகத்தில் வேலை செய்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் ஓர் அதிபர் நடந்துகொண்ட விதம் பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதாகுமா என்ற கேள்வி வரவே வராது.

வெளியில் நடந்த விவாதமும் அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துத்தான் ஓடியது. ஒரு பக்கம், இரண்டு பெரியவர்கள் சம்மதித்துச் செய்த சொந்த விஷயம், உனக்கென்ன. இன்னொரு பக்கம், பிரமாணத்தில் பொய், நாடு கெட்டுவிட்டது. பெண்ணியவாதிகள் பலர் சங்கடத்தில் மாட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் கொள்கையில் அவர்களுக்கு வேண்டிய அதிபர். குளோரியா ஸ்டைனம் 1998 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில், பெண் வேண்டாம் என்றதும் அவர் நிறுத்திக்கொண்டார் அல்லவா என்கிற ரீதியில் எழுதியது இன்றுவரை அவரைத் துரத்துகிறது. நள்ளிரவு நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்குக் கிளின்டனைவிட லெவின்ஸ்கிதான் தீனி, அவர் உடல் பருமன், தலைமுடி, தொப்பி எல்லாம். அந்தப் பெண்ணே இது என் சம்மதத்தோடுதான் என்று ரொம்ப காலம் சொன்னார், இப்போதும் அதை மறுக்கவில்லை. 2018-இல் வேனிட்டி ஃபேர் இதழில் எழுதியபோதுதான், சம்மதம் என்ற சொல்லுக்கு அந்தச் சூழலில் என்ன பொருள் இருந்திருக்க முடியும் என்று மறுபடி யோசிப்பதாகவும், அது அதிகாரத்தின் அப்பட்டமான துஷ்பிரயோகம் என்றும் சொன்னார். இருபது வருடம் ஆனது. அவர் ஒரு பத்தியில் தொட்டதை இந்த அறிக்கை 445 பக்கத்தில் தொடவில்லை.

தீர்ப்புச் சொல்ல வந்தவர்களின் லட்சணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறேன், அதில் நின்றால் கிளின்டனுக்கு வக்காலத்து வாங்குவது போல ஆகிவிடும். சபாநாயகர் கிங்ரிச் அந்தச் சமயத்திலேயே தனக்கும் திருமணத்துக்கு வெளியே உறவு இருந்ததை 2007-இல் ஒப்புக்கொண்டார்; அவர் இடத்துக்கு வரவிருந்த லிவிங்ஸ்டன் அதே மாதிரி விவகாரத்தில் சிக்கி, கிளின்டன் மேல் ஓட்டெடுப்பு நடந்த அன்றே சபையில் ராஜினாமாவை அறிவித்தார்; கடைசியில் சபாநாயகரான ஹாஸ்டர்ட்டை 2016-இல் ஒரு நீதிபதி, சிறுவர்களைத் தொடர்ந்து சீரழித்தவர் என்று அழைத்துச் சிறைக்கு அனுப்பினார். போதும்.

பொருள் வேலை செய்ததா? அட்டையில் போட்ட வேலைக்கு, இல்லை. 1998 டிசம்பர் 19 அன்று பிரதிநிதிகள் சபை இரண்டு குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது, பொய்ச்சாட்சியம் 228-206, நீதிக்குத் தடை 221-212. 1999 பிப்ரவரி 12 அன்று செனட் விடுவித்தது: முதலாவதற்கு ஆதரவாக 45 ஓட்டு, இரண்டாவதற்குச் சரிபாதி 50. பதவியிலிருந்து நீக்கத் தேவைப்பட்டது 67. சபை தீர்மானம் போட்ட அந்த வாரக் கடைசியில் கேலப் கணிப்பில் கிளின்டனுக்கு ஆதரவு 73 சதவீதம், அவர் பதவிக்காலத்திலேயே உச்சம். அதற்கு முந்தைய நவம்பர் தேர்தலில் அவர் கட்சி சபையில் ஐந்து இடம் கூடுதலாகப் பிடித்தது. பூச்சி மருந்து அடித்ததும் பூச்சி கொழுத்த கேஸ். கிளின்டனுக்கு உண்மையில் விழுந்த அடி வேறு இடத்திலிருந்து வந்தது: ஜோன்ஸ் வழக்கின் நீதிபதி சூசன் வெபர் ரைட் 1999 ஏப்ரலில் நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி அபராதம் போட்டார், 2001-இல் பதவி முடிய ஒரு நாள் இருக்கும்போது கிளின்டன் ஐந்து வருடத்துக்கு அர்கன்சா வழக்கறிஞர் உரிமத்தை விட்டுக்கொடுத்து 25,000 டாலர் கட்டினார். இதைச் செய்ய அழித்த கடிதங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை.

விலை: ஃபிஸ்க், ஸ்டார், பிறகு வந்த ராபர்ட் ரே மூவர் காலத்தையும் சேர்த்தால் 6 கோடி டாலருக்கு மேல்.

இதே ரகத்தில் வேறு கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். ஒன்று இதற்கு முந்தையது. ஆரகன் மாநில செனட்டர் பாப் பேக்வுட் மேல் 1992 நவம்பரில் பத்துப் பெண்கள் சொன்ன புகார்களை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. செனட்டின் ஒழுங்குக் குழு, இரு கட்சியும் சரிபாதி கொண்டது, கிட்டத்தட்ட மூன்று வருடம் இழுத்து, 1995 செப்டம்பரில் அவரை நீக்க ஒருமனதாகப் பரிந்துரைத்தது. பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் ஆவணம். மறுநாளே பேக்வுட் ராஜினாமா அறிவித்தார். மந்தமான பொருள், ஆனால் கேள்வி சரியானது: இந்த மனிதர் தன்னிடம் வேலை பார்த்தவர்களிடம் எப்படி நடந்துகொண்டார்? மூன்று வருடம் என்பது காத்திருந்தவர்களுக்கு நீளம்தான்.

இன்னொன்று புதுசு. நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ பற்றி மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2021 ஆகஸ்ட் 3 அன்று வெளியிட்டது. வெளியிலிருந்து கூப்பிட்ட வழக்கறிஞர்கள் ஜூன் கிம், ஆன் கிளார்க் இருவரும் 179 பேரிடம் பேசி, 74,000க்கும் மேற்பட்ட ஆவணங்களைப் பார்த்து, ஐந்து மாதத்தில் 165 பக்கத்தில் முடித்தார்கள். 11 பெண்களைத் தொல்லைப்படுத்தினார் என்று முடிவு. எனக்கு அதில் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஆளுநரின் பாதுகாப்புக்கு இருந்த காவலர் ஒருவரை அவர் பெயரில் எழுதாமல் "காவலர் 1" என்று எழுதியிருக்கிறார்கள். அவர் கதை முழுசாக இருக்கிறது, லிஃப்ட்டில் முதுகில் ஓடிய விரல் வரை, பெயர் மட்டும் இல்லை. அப்புறம், முதலில் வாய் திறந்த பெண்ணின் பணிக்கோப்பை ஆளுநர் அலுவலகம் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததை ஒரு தனிக் குற்றமாகவே எடுத்து, பழிவாங்கல் என்று சட்டப் பெயரும் வைத்திருக்கிறார்கள். குவோமோ எல்லாவற்றையும் மறுத்தார், ஆனால் ஒரு வாரத்தில் ராஜினாமா அறிவித்தார். குறை இல்லாமல் இல்லை: குற்ற வழக்கு எதுவும் நிற்கவில்லை, விசாரணையே அரசியல் என்று அவர் தரப்பு தொடர்ந்து சொன்னது, 2025-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் வந்து நின்று தோற்றார். ஆனாலும் பொருள் பொருளாக இருக்கிறது. கேட்டதைக் கொடுத்தார்கள், கேட்காததைக் கொட்டவில்லை.

விற்பனைக்குப் பிந்தைய சேவை பற்றியும் கேட்பீர்கள். அந்த இண்டிபெண்டன்ட் கவுன்சல் சட்டம் 1999 ஜூன் 30 அன்று காலாவதியானது. புதுப்பிக்க இரண்டு கட்சிக்கும் மனம் வரவில்லை. அறிக்கை எழுத உதவிய இளம் வழக்கறிஞர்களில் ஒருவர் பிரெட் கவனா. கிளின்டனிடம் எவ்வளவு அந்தரங்கமான கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று 1998 ஆகஸ்டில் அவர் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் வந்தபோது, இளவயதில் தன்னைத் தாக்கியதாக ஒரு பெண் செனட் முன்னால் சாட்சியம் சொன்னார், அவர் கோபமாக மறுத்தார், 50-48இல் நீதிபதியானார். ஸ்டார் பிறகு பேய்லர் பல்கலைக்கழகத் தலைவரானார். மாணவிகளின் பாலியல் வன்கொடுமைப் புகார்களைப் பல்கலைக்கழகம் கண்டுகொள்ளவில்லை என்று ஒரு விசாரணை சொன்னதும் 2016-இல் அந்தப் பதவி போனது. 2020 ஜனவரியில் டிரம்ப் மேல் வந்த பதவிநீக்க விசாரணையில் அவருக்காக வாதாட செனட்டில் வந்து நின்று, இப்போதெல்லாம் பதவிநீக்கத் தீர்மானம் ரொம்ப மலிந்துவிட்டது என்று வருத்தப்பட்டார். நானாகச் சேர்த்த நகைச்சுவை இல்லை இது.

என் மதிப்பீடு ஒன்றரை ஸ்டார். ஒன்று, இடமாற்ற அத்தியாயத்துக்கு. அரை, ஆயிரம் அடிக்குறிப்பையும் சரிபார்த்த பெயர் தெரியாத ஊழியருக்கு. படிப்பதாக இருந்தால் அறிமுகம், 1996 ஏப்ரல், பிறகு நேராகக் காரணங்கள் பகுதி, அதோடு வெள்ளை மாளிகை அப்போதே வெளியிட்ட மறுப்பையும் சேர்த்துப் படியுங்கள். சந்திப்புகள் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம், வழக்குக்குத் தேவையான எதையும் இழக்க மாட்டீர்கள்.

இதை எல்லாம் படித்து முடித்த பிறகுதான் ஒரு விவரம் எனக்குக் கிடைத்தது. ஸ்டாரும் லெவின்ஸ்கியும் அந்த வருடம் முழுக்க ஒருவரை ஒருவர் நேரில் சந்தித்ததே இல்லை. முதல் முறை 2017 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், நியூயார்க்கில் ஓர் உணவகத்தில், தற்செயலாக. இருவரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இதை எழுதியது லெவின்ஸ்கிதான். போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறார். நலமா என்று ஸ்டார் திரும்பத் திரும்ப விசாரித்தாராம். நான் வேறு மாதிரி முடிவுகள் எடுத்திருக்கலாம், நீங்களும் உங்கள் அலுவலகமும் எடுத்திருக்கலாம் என்று இவர் சொல்லிவிட்டு, ஒரு மன்னிப்புக்கு வழி விட்டுக் காத்திருந்தாராம். அவர் சிரித்த முகமாக, தெரியும், நடந்தது துரதிர்ஷ்டம்தான் என்றாராம்.